ஸ்டாக் போகிற சாலை

இல்லாத ஒரு நாடு. அந்த நாட்டில் ஒரு சாலை. அதுவும் ராஜபாட்டை கிடையாது. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிப் போகிற ஒடுக்கமான நாட்டுப்புறச் சாலை. இதற்காக ஒரு மனுஷன் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவானா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

டோல்கீன் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை நம்மவர்களில் பலர் படித்திருக்கிறார்கள். படிக்காதவர்கள் சினிமாவாகவாவது பார்த்திருக்கிறார்கள். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த புத்தகம். உலகத்தையே அடிமை கொள்ளக்கூடிய ஒரு மோதிரம், ஒரு சின்ன ஊரின் சின்ன மனிதன் கையில் வந்து சேர்கிறது. அதைக் கொண்டுபோய், அது உருவான எரிமலையிலேயே போட்டு அழித்துவிட வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் புறப்பட்டவன் மறுநாளே எரிமலை வாயில் போய் நின்றுவிடுவதில்லை. தன் சொந்த நாட்டின் எல்லையைத் தாண்டுவதற்கே அவனுக்குச் சில அத்தியாயங்கள் பிடிக்கின்றன. அந்த அத்தியாயங்களின் மேல்தான் எல்லாருக்கும் கோபம்.

“ஆரம்பத்தில் நூறு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படி, அப்புறம் கதை பிய்த்துக்கொண்டு போகும்.” இந்தப் புத்தகத்தைப் புதிதாகக் கையில் எடுப்பவனுக்கு ஏற்கெனவே படித்தவன் தவறாமல் செய்கிற உபதேசம் இது. வேண்டாதவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ரஸிகர்களே அல்லவா சொல்லுகிறார்கள்! அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று கேட்டால், “ஒன்றுமில்லை, வெறும் நடை” என்கிறார்கள்.

வெறும் நடை! இந்த இரண்டு வார்த்தைகளுக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பதில்.

முதலில் சாலையைப் பார்த்துவிடுவோம். ஷையர் என்பது ஹாபிட்டுகளின் நாடு. ஹாபிட்டுகள் நம் இடுப்புயரம் இருப்பார்கள். செருப்புப் போடுவதில்லை. ஆறு வேளை சோறு கிடைத்தால் ஆறு வேளையும் சாப்பிடுவார்கள். பக்கத்துத் தாலுகாக்காரனை விசித்திரப் பிராணி என்று நினைப்பார்கள். அந்த நாட்டின் நடுவாக, கிழக்கே பிராண்டிவைன் ஆற்றுப் பாலம் வரைக்கும், ஒரு பெரிய சாலை ஓடுகிறது. அதிலிருந்து பிரிந்து, பச்சைக் குன்றுகளின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, வுடி எண்ட் என்ற காட்டு மூலையைத் தொட்டு, ஸ்டாக் என்கிற கிராமத்துக்கும், பக்கில்பரி ஓடத்துறைக்கும் போவது நம் சாலை. இந்தச் சாலையில் ராஜா யாரும் பவனி வந்ததாகச் செய்தி இல்லை. யுத்தம் நடந்ததாகவும் இல்லை. சந்தைக்குப் போகிறவனும், மச்சினன் வீட்டுக்குப் போகிறவனும் நடந்து நடந்து உண்டான சாலை என்றுதான் அதைப் பார்த்தால் தோன்றும்.

செப்டம்பர் 23ஆம் தேதி பொழுது சாய்ந்த பிறகு மூன்று பேர் கிளம்புகிறார்கள். முந்தின நாள்தான் ஐம்பது வயது நிறைந்த ஃப்ரோடோ, அவன் தோட்டக்காரன் சாம், வயதில் இளையவனான சிநேகிதன் பிப்பின். வேலியின் தாழ்ந்த இடத்தைத் தாண்டி, வயல்களின் வழியாக நடந்து, பலகைப் பாலம் ஒன்றில் ஓடையைக் கடந்து, பெரிய சாலையைத் திருடர்கள் மாதிரி அவசரமாகக் குறுக்கே தாண்டி, இந்தச் சின்னச் சாலையில் வந்து சேருகிறார்கள். பாதி ராத்திரி நடை. மரத்தடியில் தூக்கம். மறுநாளும் நடை. சாயங்காலம் ஒரு முக்கு வருகிறது. சாலை இடது பக்கம் வளைந்து ஸ்டாக்கை நோக்கிப் பள்ளத்தில் இறங்குகிறது; வலது பக்கம், பழங்காலத்து ஓக் மரங்களுக்கு நடுவே, வுட்ஹால் என்கிற சிற்றூருக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. மூவரும் வலது பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அதோடு ஸ்டாக் சாலைக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு அநேகமாகத் தீர்ந்தது.

மறுநாள் காலையில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. அந்தப் பெரிய நாவலில் மந்திரவாதிகளும் அரசர்களும் கூடிச் செய்கிற மகா ஆலோசனைகள் எத்தனையோ உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்தச் சில்லறை வாக்குவாதம்தான். ஃப்ரோடோவுக்குக் குறுக்கு வழியில் போக ஆசை. ஓடத்துறை நேர் கிழக்கே இருக்கிறது. சாலையோ வடக்கே வளைந்து, மாரிஷ் என்ற சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு, ஸ்டாக்குக்கு மேலே கரைச்சாலையில் போய்ச் சேருகிறது. நேராகப் போனால் கால்வாசித் தூரம் மிச்சம் என்கிறான். பிப்பின் ஒப்பவில்லை. இந்தப் பக்கத்து நிலம் அவனுக்குத் தெரியும். கரடு முரடு, சேறு, சகதி. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் அவனிடம் இருந்தது. ஸ்டாக்கில் ‘கோல்டன் பெர்ச்’ என்று ஒரு விடுதி. கிழக்குப் பகுதியிலேயே உயர்ந்த பீர் அங்கேதான் கிடைக்கும், அல்லது ஒரு காலத்தில் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் அங்கே போய் உட்கார்ந்துவிடலாம் என்று பையன் மனக்கோட்டை கட்டியிருந்தான். இந்தக் காரணத்தைக் கேட்டதுமே ஃப்ரோடோவுக்குக் குறுக்கு வழி இன்னும் உறுதியாகிவிடுகிறது. குறுக்கு வழி தாமதம் என்றால் பீர்க்கடை அதைவிடத் தாமதம் அல்லவா?

குறுக்கே இறங்குகிறார்கள். பள்ளத்தில் ஓடை, ஓடைக்குச் செங்குத்தான கரை, கரையெல்லாம் முள். மழை வேறு பிடித்துக்கொள்கிறது. போக நினைத்த கோட்டை விட்டுத் தெற்கே ஒதுங்கி, கடைசியில் மாகட் என்கிற குடியானவனின் நிலத்தில் போய் நிற்கிறார்கள். சிறுவயதில் காளான் திருடப் போய், இதே மாகட்டின் நாய்கள் துரத்த ஓடினவன் நம் கதாநாயகன். எரிமலைக்கே போகத் துணிந்தவனுக்கு, அந்த நாய்களை நினைத்தால் ஐம்பது வயதிலும் உதறல்.

இப்போது சொல்லுங்கள்: சாலை ஏன் வளைந்தது? கதாசிரியருக்கு அந்த இடத்தில் ஒரு வளைவு தேவைப்பட்டதாலா? அங்கே சேறு இருக்கிறது, ஐயா! சேற்றில் வண்டிச் சக்கரம் புதையும் என்பது தெரிந்த யாரோ, எந்தக் காலத்திலோ, சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். அவன் பேர் நாவலில் இல்லை. ஆனால் அவன் இருந்தான். அவன் இருந்தான் என்று நான் நம்பிவிட்டேன். அவனை நம்பிவிட்ட பிறகு மோதிரத்தை நம்புவது எனக்கு ஒரு பெரிய காரியமாக இல்லை.

அந்தக் கோல்டன் பெர்ச் விடுதியை மறந்துவிடாதீர்கள். பயணத்தில் ஒருவரும் அங்கே போகவில்லை. நாமும் போகவில்லை. அந்த பீர் எப்படி இருக்கும் என்பது கடைசி வரையில் தெரியாது. சாதாரண எழுத்தாளன் ஒருவன் விடுதியின் பேரைச் சொன்னால், அடுத்த பக்கத்தில் அதற்குள்ளே ஒரு கொலையாவது நடந்தாக வேண்டும். பேரைச் சொல்லிவிட்டு, ‘அங்கே போக நமக்கு நேரமில்லை, அங்கே குடிப்பவர்கள் குடித்துக்கொண்டிருக்கட்டும்’ என்று தாண்டிப் போவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த விடுதி கதைக்காகத் திறந்து வைக்கப்பட்டதில்லை. ஸ்டாக் கிராமத்துக்காரர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது. சாலையும் அப்படித்தான். கதாநாயகன் பிறப்பதற்கு முன்னாலும் அது இருந்தது. அவன் வலது பக்கம் திரும்பிப் போன பிறகும் அது பாட்டுக்கு இடது பக்கம் இறங்கித் தன் ஊரைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் மாறான சாலை ஒன்றும் ஆங்கிலக் கதையுலகில் பிரசித்தம். பாம் என்ற அமெரிக்கர் 1900இல் எழுதிய ஆஸ் நாட்டுக் கதையில் வரும் மஞ்சள் செங்கல் சாலை. அந்தச் சாலைக்கு ஒரே வேலைதான்: டொரத்தி என்ற சிறுமியை மரகத நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது வேறு யாருக்காகவும் போடப்பட்டதாகத் தோன்றாது. குழந்தைகளுக்கு அது போதும். நான் குறை சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாமுக்குக்கூட ஓரிடத்தில் மனசு கேட்கவில்லை. போகப் போகச் செங்கல் பெயர்ந்து, குழி விழுந்து, நாய்க்குட்டி தாண்டித் தாண்டிப் போகும்படி ஆகிவிடுகிறது சாலை. குழி விழுந்த அந்த இடத்தில்தான் எனக்கு ஆஸ் நாடு கொஞ்சம் உண்மையாகத் தெரிந்தது. 1939இல் அதை சினிமாவாக எடுத்தவர்கள் பளபளவென்று வழித்துவிட்டுப் புதுச் செங்கலாகப் பதித்துவிட்டார்கள்!

நம் தமிழ் வாசகருக்கு இது புதிய விஷயமும் இல்லை. ‘பொன்னியின் செல்வ’னை எடுத்த எடுப்பில் நாம் பார்ப்பது என்ன? வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டம். அந்த ஜனங்கள் வந்தியத்தேவனைப் பார்க்க வந்தவர்கள் அல்ல. தண்ணீரைப் பார்க்கவும், கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்னவும் வந்தவர்கள். அந்தக் கூட்டத்தைத் தள்ளிவிட்டுச் சதியாலோசனையிலிருந்து படி என்று எந்தத் தமிழனாவது சொன்னதுண்டா? கல்கிக்கு ஒரு நியாயம், டோல்கீனுக்கு ஒரு நியாயமா?

நரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ராத்திரி மூவரும் மரத்தடியில் தூங்கும்போது, தன் காரியமாக அந்தக் காட்டு வழியே போகிற நரி ஒன்று நின்று பார்க்கிறது. ஹாபிட்டுகள் வெட்ட வெளியில் தூங்குவதாவது, இதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. நினைத்தது சரிதான், ஆனால் அதற்கு மேல் அந்த நரிக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. அத்துடன் நரியும் போய்விடுகிறது. இந்த நரியைக் கண்டு சிரிக்காத விமரிசகர் குறைவு. குழந்தைக் கதை வாசனை, ஆசிரியர் அடித்துவிட மறந்துவிட்டார் என்கிறார்கள். வாசனை அடிக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் நரியின் பக்கம்தான் என் வோட்டு. ‘தன் காரியமாக’ப் போகிறதே, அதுதான் விஷயம். உலகம் முழுவதும் மோதிரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கவில்லை. நரிக்கு நரியின் கவலை.

இனி, குதிரைக்காரனிடம் வருவோம். “வெறும் நடை” என்பவர்கள் வாயடைத்துப் போகவேண்டிய இடம் இதுதான். ஸ்டாக் சாலையில் இரண்டாம் நாள் பின்னாலிருந்து குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறது. ஃப்ரோடோ மரத்துக்குப் பின்னால் ஒளிகிறான். கறுப்புக் குதிரை, கறுப்பு அங்கியில் முகம் தெரியாத ஓர் உருவம். குதிரை நிற்கிறது. அந்த உருவம் மோப்பம் பிடிக்கிறது. பட்டப் பகலில், கிராமத்துச் சாலையில், காற்றில் மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கிறது! பின்னால் வருகிற ஆயிரம் பக்கத்துப் பயங்கரங்களில் இதற்கு இணையாக என்னை நடுங்க வைத்தவை ஒன்றிரண்டுதான். ஏன்? பாழடைந்த கோட்டையில் பிசாசு வந்தால் அது தன் வீட்டில் இருக்கிறது. பிப்பினுக்குக் கால் வலித்த சாலையில், சாம் மூட்டை தூக்கி வந்த சாலையில் வந்தால், அது நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இதில் நாவல் எழுதுகிறவர்கள் மட்டும் முழுசாக ருசிக்கக்கூடிய ரகசியம் ஒன்று உண்டு. டோல்கீன் இந்த அத்தியாயத்தை முதலில் எழுதியது 1938இன் ஆரம்பத்தில். அந்தக் கையெழுத்துப் பிரதியின் விவரங்களை அவர் மகன் கிறிஸ்டோபர் 1988இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் கதாநாயகனுக்கு ஃப்ரோடோ என்ற பேர்கூட இல்லை. பிங்கோ என்று பேர். பின்னால் கேட்கிற குளம்புச் சத்தம் இருக்கிறது, ஒளிவது இருக்கிறது, மோப்பம் இருக்கிறது. ஆனால் வருவது வெள்ளைக் குதிரை! அதன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு வருபவர் வேறு யாருமில்லை, இவர்களுக்கு வேண்டியவரான காண்டால்ஃப் என்ற கிழட்டு மந்திரவாதி. ஒளிந்தவர்களை அவர் மூக்காலேயே கண்டுபிடிக்கிற ஒரு சின்னக் கேலிக் காட்சியாகத்தான் அதை ஆரம்பித்திருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் குதிரை கறுப்பாகிவிட்டது. வந்தவன் யார் என்று அப்போது எழுதியவருக்கே தெரியாது. அந்த மார்ச்சில் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், கதை தாம் எண்ணியிராத ஒரு திருப்பம் திரும்பிவிட்டதென்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

யோசித்துப் பாருங்கள். 1937இல் அவர் எழுதி வெளியிட்ட ‘ஹாபிட்’ குழந்தைகளுக்கான புத்தகம். பதிப்பாளர் கேட்டது அதைப்போல இன்னொன்று. அவரும் அதைத்தான் எழுத உட்கார்ந்தார். அது பெரியவர்களின் நாவலாக மாறியது எந்த இடத்தில்? அரண்மனையிலா, எரிமலையிலா? மூன்று பேர் வேலையற்று நடந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சாலையில். அவர் அவர்களை நடக்க விட்டார், அவசரப்படுத்தவில்லை, அதனால் அந்தச் சாலையில் வர வேண்டியவன் வந்து சேர்ந்தான். “சீக்கிரம் கதைக்கு வாருங்கள்” என்று ஒரு பத்திரிகாசிரியர் அன்றைக்கு அவர் தலைமாட்டில் நின்றிருந்தால் கறுப்புக் குதிரைக்காரன் வந்தே இருக்க மாட்டான். எங்களுக்கு அப்படிப்பட்ட பத்திரிகாசிரியர்கள் கிடைத்திருக்கிறார்கள். என் தொடர்கதை ஒன்றில் ஒருத்தி பிறந்தகத்திலிருந்து ரயிலடி வரை நடந்து வருகிற ஒன்றரைப் பக்கத்தை, எனக்குத் தெரிவிக்காமலே எடுத்துவிட்டார் ஒருவர். அவள் தெருமுனையில் மறைந்து மறு வரியில் ரயிலில் உட்கார்ந்திருந்தாள். வாசகர் ஒருவர்கூடக் கேள்வி கேட்டு எழுதவில்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னார். எப்படிக் கேட்பார்கள்? இல்லாமல் போனது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தால் அல்லவா!

எட்மண்ட் வில்ஸன் என்ற பெரிய அமெரிக்க விமரிசகர் 1956இல் ‘நேஷன்’ பத்திரிகையில் இந்த நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கைமீறிப் போய்விட்ட குழந்தைக் கதை என்பது அவர் தீர்ப்பின் சாரம். அந்த மேதையோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தகுதி போதாது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. பின்னால் சாவு துரத்தி வரும்போதும் மாலையில் குடிக்கப்போகிற பீரை நினைத்துக்கொண்டிருக்கிறானே பிப்பின், அது குழந்தைத்தனமா? நாற்பது வயதைத் தாண்டினவர்கள் சொல்லட்டும்.

வில்ஸனாவது எதிரி. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சாலையைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதன் கழுத்தை நெரிப்பவர்கள். “சாலை என்றால் சாலை அல்ல, அது ஜீவ யாத்திரை, வளைவு என்பது விதி, விடுதி என்பது உலக மாயை” என்று அர்த்தம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். டோல்கீனே தம் நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், உருவகக் கதை என்பதே தமக்குப் பிடிக்காது என்று தெளிவாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர்கள் விடுவதாக இல்லை. மாரிஷ் சேறு மாயையாகிவிட்டால், அப்புறம் அதில் கால் புதையாது. நடக்கவும் வேண்டியதில்லை, காலும் வலிக்காது. சாலை மண்ணாக இருக்கட்டும், ஐயா. மண்ணாக இருந்ததனால்தான் ஃபான்ஸ்டாட் என்ற அமெரிக்க அம்மையார் 1981இல் அந்த இல்லாத தேசத்துக்கு ஒரு முழு நிலப்படப் புத்தகமே போட முடிந்தது. எந்த ராத்திரியில் சந்திரன் எங்கே நின்றது என்பதில் பிசகு வந்துவிட்டதே என்று 1944இல் மகனுக்குக் கடிதம் எழுதிப் புலம்பி, பக்கங்களைத் திருத்தி எழுதின மனிதர் அவர். யாத்திரைத் தத்துவம் எழுதுகிறவனுக்குச் சந்திரனைப் பற்றி இத்தனை கவலை எதற்கு?

2001இல் வந்த பீட்டர் ஜாக்ஸனின் படத்தை நானும் ரஸித்தேன். அதில் இந்தச் சாலை என்ன ஆயிற்று தெரியுமா? மெர்ரி என்ற சிநேகிதனும் பிப்பினும் மாகட்டின் தோட்டத்தில் காய்கறி திருடிக்கொண்டு ஓடி வந்து ஃப்ரோடோவோடு மோதுகிறார்கள். எல்லாருமாக ஒரு சரிவில் உருண்டு விழுகிறார்கள். விழுந்த இடம் சாலை. மரங்கள் கவிந்த அந்தச் சாலையை ஃப்ரோடோ நிமிர்ந்து பார்க்கும்போது அது அப்படியே நீண்டு போவதுபோல ஒரு காட்சி, அபாரமானது. உடனே குதிரைக்காரன் வந்துவிடுகிறான். பிறகு ஓட்டம், ஓடத்துறை. தீர்ந்தது. படத்தில் அந்தச் சாலை எந்த ஊருக்குப் போகிறது? எனக்குத் தெரியவில்லை. பயமுறுத்துவதற்காகவே போடப்பட்ட சாலை அது. பயமுறுத்தி முடித்ததும் அதற்கு வேலையில்லை. சினிமாவில் நேரம் கிடையாது என்பார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம்! குகைப் பூதத்தோடு கத்திச் சண்டை போட நேரம் இருந்தது.

சரி, ஆரம்பத்தில் ஒரு சாலை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. விட்டதற்கு விலை 2003இல் வந்த மூன்றாவது படத்தில் கொடுக்க வேண்டியதாயிற்று.

நாவலின் முன்னுரைப் பகுதியில் ஒரு செய்தி வருகிறது. ஷையர் நிலம் ஹாபிட்டுகளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. அந்த உலகத்து மூன்றாம் யுகத்தின் 1601ஆம் ஆண்டில் வடக்கே இருந்த ராஜா அதை அவர்களுக்குக் கொடுத்தான். அவன் விதித்த நிபந்தனைகளில் முக்கியமானது பெரிய பாலத்தையும், மற்ற எல்லாப் பாலங்களையும் சாலைகளையும் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ராஜாவுக்குத் தூதர்கள் போய்வர வேண்டுமே! 1974, 1975இல் அந்த ராஜ்யமே அழிந்து போயிற்று. தூதரும் இல்லை, ராஜாவும் இல்லை. ஷையருக்கு வெளியே, பிரீ என்ற ஊரிலிருந்து அந்த ராஜாவின் பழைய தலைநகரை நோக்கி வடக்கே போன பெருஞ்சாலையில் நடக்க ஆளில்லாமல் புல் முளைத்துவிட்டது. பிரீ ஜனங்கள் அதைப் ‘பச்சைவழி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கதை நடப்பது 3018இல். ஆயிரம் வருஷம் கழித்தும் ஷையருக்கு உள்ளே ஸ்டாக் போகிற சாலை சாலையாகவே இருக்கிறது. கேட்பதற்கு ராஜா இல்லாதபோதும் அங்கே ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் மோதிரத்தை அழித்துவிட்டு நால்வர் திரும்பி வருகிறார்கள். வந்தால், பிராண்டிவைன் பாலத்தின்மேல் முள் வைத்த பெரிய கதவு, பூட்டிக் கிடக்கிறது. சொந்த ஊருக்குள் நுழைய அனுமதி வேண்டும். விடுதிகளை மூடிவிட்டார்கள். சாலையோர மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் உத்தரவு, கணக்கு, பறிமுதல். உலகத்தைக் காப்பாற்றினவர்கள் தங்கள் ஊரைக் காப்பாற்ற மறுபடியும் கத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது. அதிலும் பத்தொன்பது ஹாபிட்டுகள் சாகிறார்கள். நாவலின் உச்சம் எரிமலை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு நெஞ்சு அடைத்தது வெட்டிப் போட்ட அந்த மரங்களைப் பார்த்துத்தான். ஏனென்றால் பழைய ஷையரில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நான் நடந்திருந்தேன்.

மூன்றாவது படத்தில் இந்தப் பகுதியே கிடையாது. வீரர்கள் திரும்பி வருகிறார்கள். ஊர் புறப்பட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே பல முடிவுகள் உள்ள படத்தில் இதற்கு இடமில்லை என்று சமாதானம் சொல்லுகிறார்கள். இடமில்லாதது மட்டும் காரணம் என்று நான் ஒப்ப மாட்டேன். வைத்திருந்தாலும் எடுபட்டிருக்காது. எந்த சாலையோர மரம் போயிற்று என்று பார்ப்பவன் பதற வேண்டும்? அவன் அந்த நாட்டில் நடந்ததே இல்லையே. சரிவில் உருண்டு விழுந்திருக்கிறான், அவ்வளவுதானே!

இப்போது தமிழிலும் மாய நாட்டுக் கதைகள் எழுத இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். சந்தோஷம். சிலர் கையெழுத்துப் பிரதியோடு நிலப்படமும் போட்டு எனக்கு அனுப்புகிறார்கள். ஏழு மலை, மூன்று கோட்டை, பாதாள நகரம் எல்லாம் இருக்கும். கோட்டைக்கும் கோட்டைக்கும் நடுவே அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. இதில் வண்டி போகுமா, மழைக்காலத்தில் என்ன செய்வார்கள், நடுவழியில் பசித்தால் எங்கே சாப்பிடுவார்கள் என்று ஒரு பையனுக்கு எழுதிக் கேட்டேன். ‘என் கதாநாயகன் பறக்கும் குதிரையில் போகிறான், சார்’ என்று பதில் வந்தது. போகட்டும், குதிரைக்குப் புல் போடுகிறவன் நடந்துதானே வந்திருப்பான்?

டோல்கீனைத் தமிழில் சுருக்கிப் போடுவதற்கு ஒரு பதிப்பாள நண்பர் யோசனை வைத்திருக்கிறார். பிரீ ஊர் விடுதியிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்பது திட்டம். சுருக்கவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. காகித விலை எனக்கும் தெரியும். வெட்ட வேண்டுமானால் பாட்டுகள் இருக்கின்றன. பாதியை நான் படிக்காமல்தான் தாண்டியிருக்கிறேன். வுட்ஹாலுக்கு மேலே காட்டில் எல்ஃப் ஜாதிப் பெரியவர் கில்டோர் ஃப்ரோடோவுக்குச் செய்கிற உபதேசம் இருக்கிறது. அதில் முக்கால் பாகத்தை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆலோசனை சபையில் ஆளுக்கு ஆள் சொல்லுகிற பழங்கதைகளில் தாராளமாகக் கை வைக்கலாம். பலகைப் பாலம், நரி, சேற்றைச் சுற்றுகிற வளைவு, யாரும் போகாத அந்த பீர்க்கடை, இவை மட்டும் முழுசாக வந்தாக வேண்டும். நாலும் சேர்ந்து தமிழில் இருபது பக்கம்கூட வராது.